கொழுந்து நிறுக்கும் இடத்தில் களக்குறிப்பு எடுக்கிறேன்: இரவில் அதை எப்படி விரித்து எழுதுவது?

கொட்டகலைப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். கம்பஸில் சமூகவியல் இறுதி வருடம். என் ஆய்வு இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தைப் பற்றியது. பெண்கள் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) கூடுவதில் தொடங்கி சாக்கு லொறியில் ஏறும் வரை யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரோடு பேசுகிறார்கள், கிலோவைச் சொல்லும்போது என்ன நடக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். நேர்காணல் எல்லாம் பிறகுதான், முதலில் பார்ப்பது மட்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார்.

நான் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவள். அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். அம்மா வேலை செய்யும் தோட்டம் வேண்டாம் என்று வேறொரு தோட்டத்தை எடுத்தேன். துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) கடிதம் கொடுத்து அனுமதி வாங்கியாயிற்று, தொழிற்சங்கத் தலைவர்மாருக்கும் சொல்லியாயிற்று. வேலை செய்பவர்களிடமும் பெரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) வைத்து விளக்கினேன்.

எனக்கு மூன்று இடத்தில் சிக்கல். கொப்பியைத் திறந்தவுடன் பேச்சு நின்றுவிடுகிறது. ஓர் ஆச்சி நேராகவே கேட்டார்: "யாருக்குப் பிள்ள எழுதுற? தொரைக்கா, தலைவருக்கா?" இரண்டாவது, நான் சின்ன வயதிலிருந்து பார்த்த இடம் இது. அம்மாவுக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டுபோய் இதே மாதிரி மடுவத்தில்தான் காத்து நின்றிருக்கிறேன். எல்லாமே தெரிந்ததாக இருப்பதால் எதை எழுதுவது என்று கை ஓடுவதில்லை. மூன்றாவதுதான் பெரிய சிக்கல். களத்தில் கிறுக்கியதை இரவில் விரித்து எழுதும்போது அது கட்டுரை மாதிரி வந்துவிடுகிறது. மேற்பார்வையாளர் சேர் அதை வாசித்துவிட்டு "கோபமாக", "வழமைபோல", "வேறு வழியில்லாமல்" என்ற சொற்களுக்கெல்லாம் கீழே கோடு போட்டு, பக்கத்தில் "எப்படித் தெரியும்?" என்று எழுதித் தந்திருக்கிறார்.

களத்தில் நின்று பழகியவர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி. அதோடு இங்கே மழை, கொப்பி நனைந்துவிடுகிறது.

பதுளை மெயில்:

மழைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஜெல் பேனையை விட்டுவிடுங்கள், ஈரம் பட்டால் ஊறிப் பரவிவிடும். பென்சில் எடுங்கள். தாள் கொஞ்சம் நமுத்துப் போயிருந்தாலும் பென்சில் எழுதும், நனைந்தாலும் அழியாது. உள்ளங்கை அளவு கொப்பி, கெட்டி அட்டை, ஒரு பிளாஸ்டிக் உறை. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே மாதத்திலிருந்து இது இல்லாமல் முடியாது. எங்கள் பதுளை, ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும். அங்கே காற்றில் தாள் பறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

போனில் குரல் பதிவு செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள். திரும்பி நடந்து வரும் வழியில் உங்கள் குரலை நீங்களே பதிவு செய்யுங்கள், அது நல்லது. மடுவத்தில் மற்றவர்கள் பேசுவதை அவர்கள் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யாதீர்கள்.

ஊவாக்காற்று:

தங்கச்சி, நீங்கள் கேட்ட மூன்றும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. கண்ணால் பார்த்ததும் அதைப் பற்றி மனதில் நினைத்ததும் கலந்து ஒரே வரியில் விழுகிறது. அதைப் பிரிக்கப் பழகினால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும்.

நான் அப்புத்தளைக்காரி. பிள்ளை மடுவங்களில் (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் இடங்களில்) இருந்து, பிள்ளைகளுக்கு எப்போது என்ன சாப்பாடு கிடைக்கிறது, யார் ஊட்டுகிறார்கள் என்று பார்த்து எழுதும் வேலையில் நீண்ட காலம் இருந்தேன். பிறகு மலையிலும் மடுவத்திலும் நின்று எழுதியிருக்கிறேன். அங்கே கொப்பியில் கிறுக்கிய வரி ஒன்றை அடையாளம் மாற்றித் தருகிறேன் (சி என்பது அங்கே நின்ற இன்னொருவர்):

"காலை நிறுவை. தூறல். 7ஆம் ஆள் சாக்கு மாட்டிட்டு முள்ளுக்கிட்ட வந்து குனியுறாங்க. 'ஈரம்.' 2 கழிவு. பேச்சில்ல. கூடைய ரெண்டு தட்டு. சி பாத்து சிரிப்பு."

அவ்வளவுதான். வாக்கியம் கூட இல்லை. ஒரு ஆள் நிறுத்து விலகி அடுத்த ஆள் சாக்கை மாட்டுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். சொன்ன சொல்லை மட்டும் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். அதே இரவு இதை விரித்தேன்:

"தராசு மடுவத்து வாசல் உத்தரத்தில் தொங்குகிறது. எடை காட்டும் முள் இருக்கும் முகம் உள்பக்கம் பார்த்திருப்பதால் வரிசையில் நிற்பவர்களுக்கு எண் தெரியாது. ஏழாவதாக வந்தவர் சாக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வரிசையை விட்டு இரண்டு எட்டு உள்ளே வந்து குனிந்து முள்ளைப் பார்த்தார். அவருக்கு முன் நிறுத்த ஆறு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். எடையை எழுதுபவர் நிமிராமல் 'ஈரம்' என்றார். இரண்டு கிலோ கழித்து எழுதினார். ஏழாவதாக வந்தவர் பதில் பேசவில்லை. கூடையைக் கவிழ்த்துப் பிடித்து இரண்டு தரம் தட்டினார். திரும்பிப் போகும்போது சி–யைப் பார்த்துச் சிரித்தார்."

இதில் "கோபமாக" இல்லை, "வேறு வழியில்லாமல்" இல்லை. ஆனால் முள் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது வந்துவிட்டது. வாசிக்கிறவருக்கு அந்தப் பெண் ஏன் உள்ளே வந்து குனிந்தார் என்பது நான் சொல்லாமலே விளங்கும்.

கூடையைத் தட்டியது கோபத்திலா? இருக்கலாம். ஆனால் கூடைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் இலை விழட்டும் என்று எல்லாரும் தட்டுவதுதான், அது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு மற்றவர்கள் தட்டினார்களா, எத்தனை தரம்? அது என் குறிப்பில் இல்லை. அதனால் அடுத்த பக்கத்தில் எழுதி வைத்தேன்: "நாளை: எல்லாரும் கூடை தட்டுகிறார்களா? கழிவு சொன்ன பிறகா, முதலா?" விரித்து எழுதுவதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நன்றாக விரித்தால் மறுநாள் எதைப் பார்க்க வேண்டும் என்பது அந்த இரவிலேயே கிடைத்துவிடும். கோபம் என்று எழுதி முடித்துவிட்டால் கேட்க ஒன்றும் மிஞ்சாது.

கொப்பியில் நான் வலது பக்கம் மட்டும்தான் எழுதுவேன். இடது பக்கம் காலி. நினைத்தது, சந்தேகம், பிறகு ஞாபகம் வந்தது, மற்றவர் தந்த விளக்கம் எல்லாம் இடது பக்கம், தேதியோடு. மாதக்கணக்கான பிறகு வாசித்தாலும் எது அன்று பார்த்தது, எது பின்னால் சேர்ந்தது என்று குழம்பாது.

இன்னொன்று. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கதையைச் சொல்லிவிட்டு எழுத உட்காராதீர்கள். உங்கள் அம்மாவுக்கு மடுவம் அத்துப்படி. நீங்கள் பாதி சொல்லும்போதே "அது அப்படித்தான், அவ முன்ன சண்ட புடிச்சவ" என்று காரணம் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு எழுதினால் நீங்கள் பார்த்தது அந்தக் காரணத்துக்கு ஏற்ற மாதிரி வளைந்துவிடும். முதலில் எழுதி மூடுங்கள். பிறகு ஆறுதலாகச் சொல்லுங்கள். அம்மா தரும் விளக்கம் பொன்னானது, அதை விட்டுவிடாதீர்கள். இடது பக்கத்தில் "அம்மா சொன்னது" என்று போட்டு எழுதுங்கள்.

எல்லாமே தெரிந்த இடம் என்பதற்கு நான் கடைப்பிடித்தது இது. காலையில் போகும் முன், இன்று இன்னது நடக்கும் என்று இடது பக்கத்தில் நாலு வரி எழுதிவிடுவேன். யார் முதலில் வருவார், யார் சத்தம் போடுவார், கங்காணி எங்கே நிற்பார். இரவில் வலது பக்கத்தை முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பேன். லயத்தில் வளர்ந்த நமக்கு அந்த நாலு வரி எழுதுவது சுலபம், வெளியே இருந்து வருகிறவரால் அது முடியாது. ஒத்துப்போகாத இடம் ஒன்று வரும் பாருங்கள், அங்கேதான் எழுத வேண்டியது இருக்கும். அதோடு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள். ஒரு நாள் யார் எங்கே நிற்கிறார் என்பது மட்டும், மடுவத்தின் படம் ஒன்று கீறி ஆட்களைப் புள்ளியாக வையுங்கள். இன்னொரு நாள் கைகளை மட்டும் பாருங்கள்.

உங்களுக்கு வரும் கோபத்தை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சேர் கோடு போட்ட சொற்களில் அது இருக்கிறது. நம் அம்மாமாரின் கிலோவைக் கழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கோபம் வரத்தான் வேண்டும். அதற்கு ஒரு தனிக் கொப்பி வைத்து அன்றன்றே எழுதுங்கள். மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் களத்தில் தனியாக ஒரு நாட்குறிப்பு எழுதி வந்தார். அவர் 1942ல் இறந்து, 1967ல் அது அச்சில் வந்தபோது, தான் ஆய்வு செய்த மக்களைப் பற்றி அவர் எழுதியிருந்த கடுமையான சொற்களைப் பார்த்துப் பலர் அதிர்ந்துபோனார்கள். தனிக் கொப்பியையும் ஒருநாள் வேறொருவர் வாசிக்கலாம் என்பதை மனதில் வைத்தே எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள். எழுதாமல் அடக்கினால் அது களக்குறிப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விரித்து எழுதியாயிற்று என்று கிறுக்கல் கொப்பியை எறியவே கூடாது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கவும் கூடாது. இந்தியச் சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் 1948ல் மைசூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் களப்பணி செய்தவர். 1970 ஏப்ரலில் அவர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் இருந்தபோது அங்கே தீ வைத்தார்கள். அவர் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் எரிந்து போயின. மூன்றும் அவருடைய வேலை அறை ஒன்றிலேயே இருந்தன. நினைவிலிருந்தே எழுது என்று சோல் டாக்ஸ் என்ற மானிடவியலாளர் சொன்னார். அப்படி எழுதிய நூல் 1976ல் வந்தது, இன்றும் படிக்கிறார்கள். ஆனால் அதை எழுதிய ஆளுக்கு அந்தக் கிராமத்தோடு இருபது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். நமக்கு அது கிடையாது. பிரதி ஒன்றைக் கொட்டகலையில் வைத்தால் மற்றதைக் கம்பஸில் வையுங்கள்.

பழைய செக்ரோல்:

மகள், நான் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆய்வு முறை எனக்குத் தெரியாது. ஆச்சி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல நினைக்கிறேன்.

தோட்டத்தில் கையில் புத்தகத்தோடு நிற்பவன் என்றால் அது பேர் போடுகிறவன். முழுப் பேரா (முழு நாட்சம்பளமா) அரைப் பேரா என்பது அவன் பேனையில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். ஆகவே நீங்கள் கொப்பியை விரித்ததும் வாய் மூடுவது இயல்பு. அதற்காக மறைத்து மறைத்து எழுதாதீர்கள், அது இன்னும் கெடுதல். ஒளித்து எழுதுகிறவள் என்று ஒரு தடவை பேர் வந்தால் மேட்டு லயம், பணிய லயம் எல்லாம் போய்விடும். எழுதிய பக்கத்தைக் கேட்பவருக்குக் காட்டுங்கள். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்துச் சொல்லுங்கள். ஆனால் கிலோவை அங்கே வைத்து எழுதாதீர்கள், செக்ரோல் (பேர் போடும் தோட்டப் புத்தகம்) என்று நினைத்துவிடுவார்கள். எண் தேவைப்பட்டால் மடுவத்தை விட்டு வந்த பிறகு எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊவாக்காற்று எழுதியதில் தராசுப் பக்கம் நிற்பவன் "நிமிராமல்" சொன்னான் என்று இருக்கிறது. சரி, நானும் நிமிராமல்தான் எழுதியிருப்பேன். மடுவத்தில் நிறுத்த கொழுந்தை ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) மறுபடி நிறுப்பார்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் கேள்வி எங்களிடம் வரும். ஈர இலை வாட நேரம் எடுக்கும், ஸ்டோரிலிருந்து பேச்சு கிடைக்கும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும், அதில் தண்ணீரும் சேர்ந்தால் கணக்கு இடிக்கும். இதைச் சொல்லிக் கழித்தது சரி என்று நான் வாதாட வரவில்லை. காய்ந்த வெயில் நாளிலும் "ஈரம்" என்று கழித்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன், அது அநியாயம். 2021ல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்த பிறகு, எத்தனை கிலோ எடுத்தால் ஒரு பேர் என்ற சண்டை பல தோட்டங்களில் கூடியது. அந்தக் காலத்தில் தராசடியில் நின்றவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

நான் சொல்ல வருவது, நீங்கள் வரிசைப் பக்கம் மட்டும் நிற்காதீர்கள். ஒரு நாள் எழுதுபவனுக்குப் பின்னால் நில்லுங்கள், முள் என்ன காட்டியது, புத்தகத்தில் என்ன விழுந்தது என்று பார்க்கலாம். ஒரு நாள் லொறிப் பக்கம். லொறி ஹோர்ன் அடித்ததும் மடுவத்தில் எல்லாரும் எப்படி அவசரப்படுகிறார்கள் என்பதைப் பாருங்கள். கடைசியில் நிறுப்பவர்களுக்கு அதுதான் வினை.

கொட்டகலைப் பிள்ளை:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இடது பக்கம், வலது பக்கம் என்று பிரித்து எழுதத் தொடங்கிவிட்டேன். காலையில் எழுதிய நாலு வரியில் ஒன்று: "கடைசியாக வருவது தூரத்து மலையில் பறிப்பவர்கள்." அன்று பார்த்தால் அவர்கள் நடுவிலேயே வந்துவிட்டார்கள். கடைசியில் வந்தவர்கள் பிள்ளை மடுவத்துக்குப் போய்க் கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்த தாய்மார். செக்ரோல் ஐயா சொன்னது போலவே, அவர்கள் சாக்கை மாட்டும் நேரம் லொறிக்காரர் ஹோர்ன் அடிக்கிறார். அவர்களில் யாரும் முள்ளைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வரிசையில் ஆளும் இல்லை, அதாவது என்ன கழித்தார்கள் என்பதைக் கேட்க அங்கே வேறு யாருமே இல்லை. இந்தக் கடைசி வரி நான் நினைத்தது, இடது பக்கம் எழுதியிருக்கிறேன். இத்தனை காலம் மடுவத்தடியில் நின்றும் இது என் கண்ணில் பட்டதில்லை.

ஆச்சிக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டினேன். "நான் வெத்தல கேட்டதையும் எழுதியிருக்கியா" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு அவரைப் பற்றியும் வாசிக்கச் சொன்னார். அதற்கு மட்டும் நான் மாட்டேன் என்றேன். சரிதானே?

இப்போது இன்னொரு கேள்வி. பெயர்களை எல்லாம் எழுத்தாக மாற்றிவிட்டேன். அது போதுமா?

ஊவாக்காற்று:

ஆச்சியிடம் மாட்டேன் என்றது மிகச் சரி. அவரவர் பக்கம் அவரவருக்கு மட்டும். அங்கே நின்றவர்கள் எல்லாரும் அதைக் கேட்டிருப்பார்கள், இனி உங்களிடம் பேச அவர்களுக்குத் தயக்கம் குறையும்.

தாய்மாரைப் பற்றிய குறிப்பு அருமை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நாளோடு முடிவு கட்டாமல் காலை நிறுவை, பகல் நிறுவை, மாலை நிறுவை மூன்றிலும் அப்படித்தானா என்று பாருங்கள். பிள்ளை மடுவத்திலிருந்து தராசுக்கு எத்தனை நிமிட நடை என்று நீங்களே நடந்து பாருங்கள். லொறி காத்திருக்கும் நாளும் காத்திருக்காத நாளும் வேறாக இருக்கலாம்.

பெயரை மாற்றினால் போதாது. தோட்டம் என்பது சின்ன இடம். "பணிய லயத்தில் இரட்டைப் பிள்ளை உள்ள ஒருவர்" என்று எழுதினால் பெயரே இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் ஆள் தெரியும். முள்ளைக் குனிந்து பார்த்தவர் யார் என்று தராசடியில் நின்றவருக்கும் தெரியும், நாளைக்கு அவருடைய சாக்கு அதே தராசில்தான் ஏறப்போகிறது. அதனால் ஆய்வறிக்கைக்குப் போகும் பிரதியில் லயம், பிள்ளைகளின் எண்ணிக்கை, நின்ற வரிசை போன்றவற்றை மாற்றுங்கள். எதை எதுவாக மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் பின்னால் உங்களுக்கே தடுமாறும். ஆய்வுக்குத் தேவையான விவரத்தை மட்டும் மாற்றாதீர்கள். கைப்பிள்ளைத் தாய் என்பதை மாற்றினால் நீங்கள் கண்டுபிடித்ததே போய்விடும். அப்படி மாற்ற முடியாத இடத்தில் ஒருவரைப் பற்றி எழுதாமல், பல நாள் பார்த்ததைச் சேர்த்துத் தாய்மார் என்று பொதுவாக எழுதுங்கள். ஒருவரின் செயலைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அந்தப் பகுதியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், எவ்வளவு நல்ல பகுதியாக இருந்தாலும்.

கொப்பிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் சேருக்கு அனுப்புவீர்களானால் இப்போதே நிறுத்துங்கள், நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த எழுத்து யார் என்ற பட்டியல் அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் அதை இன்றைக்கே வேறு தாளில் எழுதி, அம்மாவின் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து எரித்துவிடுங்கள்.